ஓடாது எண்டு பதிஞ்ச கார்

பெல் அடிச்சனீரோ தம்பி? அது அடிக்காது. பற்றரியைக் கழட்டிப்போட்டன். ஏன் எண்டு பிறகு சொல்லுறன். நல்லகாலம் கதவிலை தட்டினீர். இல்லாட்டி நான் குசினிக்குள்ளையே நிண்டிருப்பன், நீர் காரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்.

என்ன பேந்தும் இங்கிலீசிலை சொல்லுறீர்? உம்மட சட்டையிலை பேர் குத்தியிருக்கு, கஜீபன் எண்டு. வெள்ளைக்காரன் பிள்ளைக்குக் கஜீபன் எண்டு பேர் வைப்பானோ? தமிழிலை கதையும். காருக்குள்ளை கிடக்கிற சாமானை எடுக்கச் சொல்லுறீர், அவ்வளவுதானே. எடுப்பம். ஒருத்தராத் தூக்கேலாது, கூட்டாளி வரவேணும் எண்டு நீர்தானே சொன்னீர். அவர் வருமட்டும் உந்தப் படியிலை இரும். தேத்தண்ணி போட்டனான். சீனி எத்தினை?

பயப்பிடாதையும். உம்மோடை எனக்கென்ன சண்டை? சண்டை பிடிக்கவேண்டிய ஆள் பக்கத்து வீட்டிலை இருக்கிறா. அந்தா, மேல் யன்னலிலை திரை ஆடுது பாரும். மிஸிஸ் கனகசுந்தரம். இருபத்திரண்டு வருஷமா இந்த ஹரோவிலை பக்கத்திலை பக்கத்திலை இருக்கிறம். அவவின்ரை வீட்டு முத்தமும் என்ரை வீட்டு முத்தமும் ஒட்டினபடி, நடுவிலை மதில் இல்லை. அவைக்கு ஒரு கார் விடுற இடம், எனக்கு ஒரு கார் விடுற இடம். அப்பவே மதில் கட்டுவம் எண்டு இவருக்குச் சொன்னனான். "என்னத்துக்கு மலர், எங்கட ஆக்கள்தானே" எண்டார். அவர் போய்ச் சேந்து பதினொரு வருஷம். மதில் இல்லாத வினையை நான் அனுபவிக்கிறன்.

அவதான் அறிவிச்சவ. வேறை ஆர்? வியாழக்கிழமை கார் வெளியிலை வந்தது, திங்கக்கிழமை மஞ்சள் பூட்டு வந்து சில்லிலை ஏறியிட்டுது, இண்டைக்குப் புதன், லொறியோடை நீர் வந்து நிக்கிறீர். ஒரு வெள்ளைக்காரனாவது உந்தப் பழங்காரைத் திரும்பிப் பாப்பானோ? எங்கட ஆக்கள்தான் பாப்பினம்.

இல்லையாம் எண்டால்? என்ன எழுதியிருக்கு உம்மட காகிதத்திலை? தாரும் பாப்பம். கண்ணாடி இல்லை, நீரே வாசியும். ம்... கமராவோடை சுத்துற வான் தானாக் கண்டு பிடிச்சதோ? ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ?

சரி. அறிவிக்காட்டி என்ன, மனசுக்குள்ளை அறிவிச்சிருப்பா.

சட்டம் தெரியாத மனிசி எண்டு என்னை நினைக்காதையும். உந்தச் சட்டம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. கார் ஓடேல்லை எண்டால், இது ஓடாது எண்டு கார் பதியிற கந்தோருக்கு அறிவிக்கவேணும். அறிவிச்சுப் பதிஞ்சால் வரியும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. ஆனா கார் எங்கட காணிக்குள்ளை நிக்கவேணும். கராச்சுக்குள்ளை நிக்கலாம், முத்தத்திலை நிக்கலாம். றோட்டிலை நிக்கப்படாது. றோட்டு எண்டால் தார் போட்டது மட்டுமில்லைத் தம்பி, ஆக்கள் நடக்கிற கரையும் றோட்டுத்தான். ரெண்டு சில்லு வெளியிலை எட்டிப் பாத்தாலும் பிழை பிழைதான். கார் ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற டெஸ்றுக்கு நாள் எடுத்து வச்சிட்டு நேரை அங்க கொண்டுபோகலாம், அதைவிட்டால் அசைக்கேலாது. எல்லாம் தெரியும். நான்தானே பதிஞ்சனான்.

கார் என்ரை இல்லை, மகன்ரை. நிரூஷன். ஒரே பிள்ளை. பதிவும் அவன்ரை பேரிலைதான், ஆனா விலாசம் இந்த வீடு. அவன் மாத்தேல்லை. காரைப் பற்றி என்ன கடிதம் வந்தாலும் இங்கதான் வரும், அவன்ரை பேர் முழுசா அச்சடிச்சு. மூண்டு வருஷத்துக்கு முன்னம் வரி முடியப்போகுது எண்டு கடிதம் வந்தது. நான் ரெலிபோன் எடுத்து, மிசின் கேட்ட நம்பரெல்லாம் அமத்தி, ஓடாது எண்டு பதிஞ்சுபோட்டன். ஒருக்காப் பதிஞ்சால் போதுமாம், பிறகு வருஷா வருஷம் கடிதம் வராதாம். அது தெரிஞ்சிருந்தால் பதிஞ்சிருக்க மாட்டன்.

குடியும், ஆறப்போகுது.

ஏன் வித்துத் தள்ளேல்லை எண்டோ? மற்றவன்ரை காரை நான் எப்பிடி விக்கிறது? அவன் கார்த் திறப்பை என்ரை கையிலை வச்சிட்டுப் போனவன். கேக்கிறீர்தானே, சொல்லுறன். நீரே நியாயத்தைச் சொல்லும்.

உந்த மிஸிஸ் கனகசுந்தரத்துக்கு ரெண்டு பெட்டையள். மூத்தது கனடாவிலை. இளையது துஷி. துஷி ஒருக்காக் கலியாணம் முடிச்சு, எட்டு மாசத்திலை பெட்டியோடை திரும்பி வந்தவள். அவன் சரியில்லாதவனாம். இருக்கட்டும், நான் பிழை சொல்லேல்லை. வந்தவள் வீட்டோடை இருந்தாளோ? என்ரை மகன் காரைக் கழுவ வெளியிலை போனால் அவளும் வெளியிலை. சனிக்கிழமை சனிக்கிழமை அவன் கழுவுவான். அந்தக் கார் அவ்வளவு ஊத்தையோ எண்டு நான் அப்பவே யோசிச்சிருக்கவேணும்.

ஒருநாள் வந்து சொன்னான், "அம்மா, நான் துஷியை முடிக்கப்போறன்."

நான் அழேல்லை, கத்தேல்லை. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. அடுத்த கிழமை எல்லாரும் முத்தத்திலை நிக்கேக்கை, ஒரு பகிடிக்கு ஒரு சொல்லுச் சொன்னன். "பாவிச்ச கார் வாங்கினாலும் ஒரு சேர்விஸ் புத்தகம் தருவினம்" எண்டு.

ஏன் தேத்தண்ணியைக் கீழை வைக்கிறீர்? பகிடி தம்பி. எங்கட ஊரிலை இதைவிட மோசமாச் சொல்லுவினம். அந்தப் பெட்டை விறுக்கெண்டு உள்ளுக்குப் போட்டாள். மிஸிஸ் கனகசுந்தரம் வாயே திறக்கேல்லை, அதுதான் அவவின்ரை கெட்டித்தனம். நிரூஷன் அப்பதான் காரைக் கழுவி முடிச்சு ஈரத் துணியோடை நிண்டவன். திறப்பைக் கொண்டுவந்து என்ரை உள்ளங்கையிலை வச்சான். "காரை நீங்களே வச்சிருங்கோ அம்மா" எண்டான். அவ்வளவுதான். கொதியிலை சொல்லுறான், ரெண்டு நாளிலை வருவான் எண்டிருந்தன். மூண்டு வருஷம்.

வாறேல்லை எண்டு சொல்லேலாது. வாறவன். மாசத்திலை ஒரு சனிக்கிழமை கலியாணம் முடிச்சுக் குடியிருக்கிற லெஸ்டரிலை இருந்து அவனும் துஷியும் வருவினம், பக்கத்து வீட்டுக்கு. அவையின்ரை இடத்திலை கனகசுந்தரத்தாற்றை கார் நிக்கும், என்ரை இடத்திலை இது நிக்கும், தெருவிலை பேமிற் அட்டை இல்லாமல் கார் விடேலாது. அப்ப ஸ்ரேசன் பக்கத்திலை விட்டிட்டுப் பத்து நிமிஷம் நடந்து வருவான். என்ரை யன்னலைத் தாண்டித்தான் போகவேணும். தலையைக் குனிஞ்சுகொண்டு போவான். என்ரை பெல்லைத் தொடமாட்டான். மழையிலும் நடந்து வந்திருக்கிறான், சப்பாத்தெல்லாம் நனைஞ்சு.

காரை எடுத்திருந்தால் அவன் இதிலை விட்டிருப்பானோ? ஆருக்குத் தெரியும். ஓடாது எண்டு பதிஞ்ச காரை நான் எங்க கொண்டுபோய் விடுறது? சட்டம் விடாதே.

இப்ப வியாழக்கிழமைக்கு வாறன். விஜயதசமி. நாங்கள் வருஷா வருஷம் காருக்குப் பூசை செய்யிறனாங்கள். விபூதி பூசி, சந்தனம் பொட்டு வச்சு, நாலு சில்லுக்கும் முன்னாலை நாலு தேசிக்காய். நிரூஷன் ஏறி ஒரு முழம் முன்னுக்கு எடுப்பான், தேசிக்காய் நசியும், முடிஞ்சுது. அவன் போனதுக்குப் பிறகு ஆர் எடுக்கிறது? எனக்கு ஓடத் தெரியாது. ரெண்டு வருஷமாத் தேசிக்காயைச் சும்மா சில்லுக்கு முன்னாலை வச்சு எடுத்தன். இந்த வருஷம் மனசு கேக்கேல்லை, கோயில் ஐயாவுக்கு ரெலிபோன் எடுத்தன். "நசியாட்டில் கண்ணூறு கழியாதம்மா, அப்பிடியே நிக்கும்" எண்டார்.

பாத்தீரோ? ரெண்டு வருஷமா நசியாத தேசிக்காய். அதுதான் அவன் வராததுக்குக் காரணம் எண்டு எனக்குப் பட்டுது. சிரியாதையும். உமக்கும் ஒரு தாய் இருப்பா.

உள்ளுக்கு ஏறி அந்தக் ஹான்ட் பிறேக்கை விட்டன். கார் அசையேல்லை. மூண்டு வருஷம் நிண்ட கார், சில்லெல்லாம் பசை வச்சமாதிரி. இறங்கிப் பின்னாலை போய், வீட்டுக் கதவோடை முதுகைக் குடுத்துத் தள்ளினன். முருகா, பிள்ளையாரே எண்டு தள்ளினன். நறுக்கெண்டு ஒரு சத்தம். நாலும் நசிஞ்சுது தம்பி, நாலும்! எனக்கு வந்த சந்தோஷம் சொல்லேலாது. ஆனா கார் நிக்கேல்லை. உந்த முத்தம் றோட்டுப் பக்கம் சரிவு. அது தன்ரை பாட்டிலை போகுது, நான் பின்னாலை "நில், நில்!" எண்டு மாட்டைக் கலைக்கிறமாதிரி ஓடுறன். மிஸிஸ் கனகசுந்தரத்தின்ரை குப்பைப் பின் கரையிலை நிண்டது, அதை இடிச்சு விழுத்திப்போட்டு நிண்டுது. முன் சில்லு ரெண்டும் நடக்கிற கரையிலை.

உடனை வெளியிலை வந்திட்டா. காத்துக்கொண்டு நிண்டிருப்பா. "மலரக்கா, உங்களுக்கு ஒண்டுமில்லையே? குப்பைப் பின் கிடக்கட்டும். நானும் இவரும் வந்து தள்ளிவிடட்டே?"

அந்தக் குரல் இருக்கே! தேன் ஊத்தினமாதிரி. என்ரை மகனைத் தள்ளிக்கொண்டு போனது காணாதெண்டு இப்ப காரையும் தள்ளப்போறாவாம். "உம்மட பின்னை நீர் நிமித்தும். என்ரை காரை நான் பாப்பன்" எண்டிட்டுக் கதவைச் சாத்தினன்.

பின்னேரம் பெல் அடிச்சா. வெள்ளிக்கிழமை காலமை அடிச்சா. மத்தியானமும் அடிச்சா. "அக்கா, றோட்டிலை நிண்டால் பிழையெல்லே, தள்ளிவிடுவம் அக்கா." அக்காவும் கொக்காவும்! அரியண்டம் தாங்கேலாமல்தான் பெல்லைத் திறந்து பற்றரி ரெண்டையும் எடுத்துக் குப்பையிலை போட்டன். இப்ப விளங்குதே?

பிழை எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். உம்மட காகிதத்திலை தெரியாமல் விட்டது எண்டு எழுதும், ஆனா உமக்கு உண்மையைச் சொல்லுறன். வெள்ளிக்கிழமை நான் நிரூஷனுக்கு ரெலிபோன் எடுத்தன். எடுக்கமாட்டான், மிசினிலைதான் பேசலாம். "தம்பி, உன்ரை கார் றோட்டிலை நிக்குது. உன்ரை பேரிலை கேஸ் வரும். வந்து தள்ளு" எண்டு சொன்னன்.

ஓம், அவன்ரை பேரிலைதான் வரும். வரட்டுமே! கேஸ் வந்தாலாவது அவன் வருவானெல்லே? ஆறு பேர் சேந்து தள்ளினாலும் அந்தக் காரை நான் தள்ள விட்டிருக்க மாட்டன். அவன் வந்து தள்ளவேணும். எனக்கு அவனைப் பாக்கவேணும் தம்பி. உதுக்கு மேலை என்னத்தைச் சொல்லுறது?

வந்தான். ஏன் முழுசுறீர்? சனிக்கிழமை வந்தவன்.

நான் விடியவே எழும்பி ஆட்டிறைச்சி வாங்கி வந்து, கறி காய்ச்சி, புட்டு அவிச்சு வச்சிருந்தனான். யன்னலுக்குள்ளாலை பாக்கிறன், பக்கத்து வீட்டிலை இருந்து வாறான். முதல் அங்க போயிருக்கிறான், கண்டீரோ! கனகசுந்தரத்தாரும் கூட. ஜக்கெற்றைக் கழட்டிக் குப்பைப் பின்னுக்கு மேலை போட்டான். கொஞ்சம் மெலிஞ்சுபோனான், முன்னாலை தலைமயிர் கொட்டுண்டிருக்கு. காருக்கு முன்னாலை வந்து, குனிஞ்சு, ரெண்டு கையையும் பொனற்றிலை வச்சான். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவின பொனற்.

நான் வெளியிலை ஓடினன். "முதல் உள்ளுக்கு வந்து சாப்பிடு" எண்டன்.

"முதல் தள்ளுவம் அம்மா. இது இப்பிடி நிக்கப்படாது."

"சாப்பிட்டிட்டுத் தள்ளலாம். புட்டு ஆறுது."

தள்ளிப்போட்டுப் போயிடுவான் தம்பி! எனக்குத் தெரியாதே? கார் உள்ளுக்குப் போனால் அவனும் போயிடுவான், பிறகு எந்தச் சாட்டைச் சொல்லிக் கூப்பிடுறது? அதாலை நான் காருக்குப் பின்னாலை போய் நிண்டிட்டன். "என்னை இடிச்சுப்போட்டுத் தள்ளு" எண்டன்.

அவன் தலையை நிமித்தினான். கை ரெண்டும் பொனற்றிலைதான். பிறகு மெல்லமாக் கேட்டான், "துஷியும் வந்திருக்கிறா அம்மா. அவவையும் கூட்டிக்கொண்டு வரட்டே?"

மிஸிஸ் கனகசுந்தரம் தன்ரை வாசலிலை நிக்கிறா. பக்கத்திலை அவள். பெரிய சட்டை ஒண்டு போட்டுக்கொண்டு, வயித்திலை கையை வச்சபடி. ஏழு மாசம் இருக்கும். கொஞ்சக் காலமா அவன் தனியத்தான் வந்து போனவன், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.

நான் சொன்னன், "புட்டு ரெண்டு பேருக்குத்தான் அவிச்சனான்."

உண்மைதானே? ரெண்டு நீத்துப்பெட்டிப் புட்டுத்தான் அவிச்சது. பொய் சொல்லேல்லையே. முதலே அறிவிச்சிருந்தால் மூண்டு அவிச்சிருப்பன். அவிச்சிருப்பனோ இல்லையோ, அது வேறை கதை.

பொனற்றிலை இருந்து கையை எடுத்தான். ஜக்கெற்றை எடுத்தான். அவள்தான், அந்த துஷிதான், "நிரூ, காரைத் தள்ளிவிட்டிட்டு வாங்கோ" எண்டு கூப்பிட்டுச் சொன்னவள். அவன் கேக்கேல்லை. நேரை ஸ்ரேசன் பக்கம் நடந்து போட்டான். அவள் பின்னாலை மெல்ல மெல்லப் போறாள். நான் கத்தினன், "உன்ரை பேரிலைதான் கேஸ் வரும், பாத்துக்கொள்!" எண்டு.

திரும்பிப் பாக்கேல்லை. பாத்தீரோ மிஸிஸ் கனகசுந்தரத்தின்ரை வேலையை?

அவ என்ன செய்தவ எண்டு கேக்கிறீரோ? அவனை முதல் அங்க கூப்பிட்டது அவதானே! அவ தன்ரை பாட்டிலை இருந்திருந்தால், அவன் நேரை என்ரை வீட்டுக்கு வந்திருப்பான்... இல்லையோ? நீர் ஒண்டும் சொல்லாதையும். சின்னப் பெடியன் உமக்கு உதுகள் விளங்காது.

திங்கக்கிழமை பூட்டுப் போட்டாங்கள். அதைக் கழட்டப் பதிவிலை பேர் உள்ளவர்தான் காகிதத்தோடை வரவேணும், இல்லாட்டிக் கையெழுத்து வச்சுக் கடிதம் குடுக்கவேணும் எண்டாங்கள். அவன்ரை ரெலிபோன் மிசினுக்கு நாலுதரம் சொன்னன். நேற்று ஒரு மெசேஜ் வந்தது. "கொண்டுபோகட்டும் அம்மா." அவ்வளவுதான். அதிலும் அம்மா எண்டு போட்டிருக்கிறான். காட்டட்டோ? சரி, வேண்டாம்.

அந்தா, உம்மட கூட்டாளி வாறார் போலை. இரும், திறப்புக் கொண்டுவாறன், சாமானை எடுப்பம்.

உதென்ன, குடை. அவன்ரைதான். உது வெயில் கண்ணாடி. உந்தப் போர்வை என்ரை. வெள்ளிக்கிழமையிலை விளக்குக் கொழுத்திப்போட்டு வந்து முன் சீற்றிலை கொஞ்சநேரம் இருக்கிறனான். ஆள் இருக்காட்டில் சீற் பூஞ்சணம் பிடிச்சிடும். அதுக்குத்தான். பிள்ளையாரைக் கவனமாக் கழட்டும், ஒட்டி வச்சது. அவரைத் தாரும், அவரை உங்க கொண்டுபோகேலாது. தேசிக்காய்த் தோல் சில்லிலை ஒட்டியிருந்தால் இருக்கட்டும், சுரண்டாதையும்.

மெல்ல, மெல்லத் தூக்குங்கோ! நாலு சில்லிலையும் கயிறு போட்டாச்சோ?

போச்சு.

எவ்வளவு பெரிய இடம் எண்டு பாரும். இவ்வளவு இடமும் இதுக்குக் கீழை கிடந்திருக்கு. ஓயில் கறை ஒண்டு, அவ்வளவுதான். மிஸிஸ் கனகசுந்தரம் திரையை விலத்திப்போட்டு வடிவாப் பாக்கிறா. இடம் கிடைச்சிட்டுது எண்டு அவைக்குச் சந்தோஷமா இருக்கும். இப்பவே சொல்லிப்போட்டன், என்ரை குப்பைப் பின் ரெண்டையும் இழுத்துக்கொண்டு வந்து நட்ட நடுவிலை வைப்பன். ஆரும் சும்மா வந்து விட்டிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகேலாது.

என்ன? அவன் வந்தால் எங்க விடுறதோ? பிள்ளை பிறந்தால் அந்தப் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரேசனிலை இருந்து நடக்கிறதோ? ஏன் நடக்கவேணும்? பெல் அடிக்கட்டும். என்ரை பெல்லை ஒருக்கா அடிக்கட்டும். அடிச்சால் நான் வந்து குப்பைப் பின்னை எடுப்பன்தானே! நான் என்ன கல்லோ?

ஏன் உப்பிடிப் பாக்கிறீர்?

...

தம்பி, கொஞ்சம் நில்லும். லொறியைக் கிளப்பாதையும். உம்மட பெட்டிக்குள்ளை சின்னப் பற்றரி ரெண்டு கிடக்குமோ?